கோட்டிலிருந்து வண்ணத்திற்கு: கே.எம். ஆதிமூலத்தின் பிற்கால எண்ணெய் வண்ண ஓவியங்கள்

முன்னுரை

தமிழ் வாசகர்கள் கே.எம். ஆதிமூலத்தைக் (1938–2008) கோட்டோவியராகவே பெரிதும் அறிவர். 'கசடதபற' முதலிய சிற்றிதழ்களும் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யும் அவருடைய கறுப்புவெள்ளைக் கோடுகளைப் பரவலாக்கின. பிற்காலத்திலோ அவர் எண்ணெய் வண்ண அரூப ஓவியங்களில் முனைந்து ஈடுபட்டார். இம்மாற்றம் கோட்டைத் துறந்ததன் விளைவா, அதன் வளர்ச்சியா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோடும் வெளியும்

கே.சி.எஸ். பணிக்கர் வழிநடத்திய சென்னை ஓவியக் கல்லூரியில் ஆதிமூலம் பயின்றார். கோட்டுக்கு முதன்மை தருவது சென்னை ஓவிய இயக்கத்தின் அடையாளமாக இருந்தது. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய காந்தி வரிசையும், பின்னர் வரைந்த அரசர் வரிசையும் இம்மரபில் வந்தவை. மைக்கோட்டை இட்டபின் அழிக்க இயலாது. கோடு படாத காகித வெண்மையே அங்கு வெளியாகிறது.

வண்ணமும் வெளியும்

எண்ணெய் வண்ணத்தின் இயல்பு வேறு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. எனவே ஓவியர் பல நாள்கள் அடுக்கடுக்காகப் பூசவும், சுரண்டவும், மீண்டும் பூசவும் முடிகிறது. இங்கு வெளியைக் காகிதம் தருவதில்லை. வண்ணத்தாலேயே அதனை உருவாக்க வேண்டியுள்ளது. நாஞ்சில்நாட்டை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் இரவிவர்மா 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்வூடகத்தில் தேர்ந்தவர். அவர் அதனை உருவத்தின் மெய்த்தோற்றத்திற்குப் பயன்படுத்தினார். ஆதிமூலமோ உருவத்தை நீக்கி, வண்ணத்தையே பொருளாக்கினார். அவருடைய வண்ணப்பரப்புகள் ஒன்றையொன்று தொடும் விளிம்புகளில் பழைய கோட்டின் இயக்கத்தைக் காணலாம். ஆகவே இம்மாற்றத்தைத் துறப்பு என்பதினும், வெளி பற்றிய அதே தேடல் வேறோர் ஊடகத்தில் தொடர்ந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

கோட்டோவியம் அச்சில் எளிதில் இடம்பெற்றது. வண்ணப்படலத்தின் தடிப்பும் ஒளியும் அவ்வாறு இடம்பெறவில்லை. தமிழ்ச் சூழலில் ஆதிமூலத்தின் பிற்காலம் போதிய கவனம் பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். இதழ்ப் பக்கங்களை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதப்படும் கலை வரலாறு இக்கலைஞரின் ஒரு பாதியையே காட்டும். மூல ஓவியங்களை நேரில் கண்டு, அவற்றின் அளவு, அடுக்கு, நிலை ஆகியவற்றைத் தமிழில் ஆவணப்படுத்துவது ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.