நாடியும் நாழிகையும்

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள். பாரிஸ் நகரை அடுத்த கொலோம்ப் திடலில் ஒலிம்பிக் போட்டியின் 1,500 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. பின்லாந்து நாட்டினரான பாவோ நூர்மி கையில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தைப் பற்றியவாறு ஓடினார். உடன் ஓடுவோர் எங்கே வருகின்றனர் என்பதைக் காட்டிலும் கடிகார முள் எங்கே நிற்கிறது என்பதையே அவர் கண்கள் நாடின. இறுதிச் சுற்று நெருங்கியதும் கருவியை ஒருமுறை நோக்கிவிட்டு, அதனைப் புல்தரையில் வீசிவிட்டு ஓடினார் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 3 நிமிடம் 53.6 நொடியில் முதல்வராக வந்தார். ஒரு மணி நேரம் முழுமையாகக் கழியுமுன் 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்திற்கும் வந்து நின்றார். அதனையும் 14 நிமிடம் 31.2 நொடியில் வென்றார்.

இன்று நம் பள்ளித் திடல்களில் மாணவர் பலர் மணிக்கட்டில் ஒளிரும் பட்டையுடன் ஓடி வருகின்றனர். எத்தனை அடி வைத்தோம், எவ்வளவு தொலைவு ஓடினோம், இதயம் எத்தனை முறை துடித்தது என அனைத்தையும் அப்பட்டை கூறுகிறது. அது நூர்மியின் கடிகாரத்திற்குக் கொள்ளுப் பேரன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாட்டன் செய்த வேலையைத்தான் பேரனும் செய்கிறானா என்பது கேட்கத்தக்க கேள்வி. நூர்மி கடிகாரத்தைக் கடிவாளமாகக் கொண்டார். இன்றைய பட்டையோ பெரும்பாலும் தாற்றுக்கோலாகவே பயன்படுகிறது. கடிவாளம் எவ்வாறு தாற்றுக்கோலாயிற்று என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நூர்மி 1897இல் துர்க்கு நகரில் ஓர் ஏழைத் தச்சரின் மகனாகப் பிறந்தவர். 1910இல் தந்தை இறந்துவிடவே, பள்ளிப் படிப்பை விட்டு ரொட்டிக் கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சென்றார். சரக்கு வண்டியை மேட்டில் தள்ளிச் சென்ற அவ்வுழைப்பே தம் கால்களுக்கு உரமேற்றியது என்று அவர் பிற்காலத்தில் கருதினார். 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கம் பெற்ற போதிலும், 5,000 மீட்டரில் பிரான்சு நாட்டு ஜோசப் கிய்மோவிடம் தோற்றார். பிறர் வேகத்திற்கேற்பத் தம் வேகத்தை மாற்றிக்கொள்வதைக் காட்டிலும், முதற்சுற்று முதல் இறுதிச் சுற்று வரை ஒரே சீரான வேகத்தில் ஓடுவதே சிறந்தது என்னும் கொள்கையை அவர் இறுகப் பற்றினார். அக்கொள்கைக்குத் துணையாக வந்ததே கடிகாரம். மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அவர் பெற்ற ஒன்பது தங்கமும் மூன்று வெள்ளியும் அக்கொள்கையின் பயனை உலகுக்கு உணர்த்தின.

சீரான வேகம் ஏன் சிறந்தது? குறுக்கோட்டப் போட்டிகளை மேற்பார்வையிட்ட ஆசிரியர் எவரும் இதற்கு விடை அறிவர். ஊதல் ஒலித்தவுடன் சிறுவர் அனைவரும் புலி துரத்தியது போலப் பாய்வர்; இருநூறு மீட்டர் கடந்ததும் பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பர். உடல் உயிர்வளியைப் பெறும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மீறி ஓடுபவன் கடன் வாங்கி ஓடுகிறான். கடனை அடைக்காமல் நெடுந்தூரம் செல்ல இயலாது. இவ்வுயிர்வளிக் கடன் பற்றி இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் என்னும் அறிஞர் ஆராய்ந்ததும் அதே 1920களில்தான். தொடக்கத்தில் உடல் கூறும் செய்தி பொய்யானது. அது ‘இன்னும் விரைந்து ஓடு’ என்கிறது. கடிகாரமே ‘பொறு’ என்று கூறியது.

எனினும் கடிகாரம் காலத்தை மட்டுமே அறியும்; ஓடுபவனின் உள்ளே நிகழ்வதை அறியாது. அதனை அறிய நாடியை நாட வேண்டியிருந்தது. நாடி பார்த்தல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, வாதம், பித்தம், ஐயம் மூன்றையும் நாடியின் நடையால் உணர்ந்தனர். அன்னம்போல் நடக்கிறதா, ஆமைபோல் நகர்கிறதா, தவளைபோல் தாவுகிறதா என அவர்கள் பார்த்தது தன்மையை, எண்ணிக்கையை அன்று. நாடியை எண்ணும் வழக்கத்திற்கு வலுவான அடித்தளமிட்டவர் ஆங்கில மருத்துவர் ஜான் புளோயர் ஆவார். சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

அவ்வெண்ணிக்கையை ஓட்டப் பயிற்சியில் முறையாகப் புகுத்தியோர் ஜெர்மனி நாட்டுப் பிரைபர்க் நகரைச் சார்ந்த இருவர்: பயிற்றுநர் வோல்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹான்ஸ் ரைண்டல். 1930களில் அவர்கள் வகுத்த முறை மிக எளியது. ஓட்டக்காரர் 100 அல்லது 200 மீட்டர் விரைந்து ஓட வேண்டும். நாடி நிமிடத்திற்கு ஏறத்தாழ 180 வரை உயரலாம். பின்னர் அது 120க்கு இறங்கும் வரை ஓய்வு. 90 நொடிக்குள் இறங்கினால் மீண்டும் ஓடலாம். இறங்கவில்லையெனில், ஓடிய வேகம் மிகை அல்லது தொலைவு மிகை என்று பொருள். எத்தனை முறை ஓட வேண்டும் என்பதைப் பயிற்றுநரின் பிடிவாதம் முடிவு செய்யவில்லை. மாணவனின் இதயமே முடிவு செய்தது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்விடத்தைச் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். கற்போனின் நிலையறிந்து கற்பித்தல் என்று பயிற்சிக் கல்லூரிகளில் நாம் படித்ததை, இவர்கள் ஓட்டத் திடலில் செய்து காட்டினர்.

கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ப் ஹார்பிக் 1939 ஜூலை 15ஆம் நாள் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடினார். அதற்கு முந்திய உலகச் சாதனை 1 நிமிடம் 48.4 நொடி, ஒரே தாவலில் 1.8 நொடி குறைந்தது. அச்சாதனை 1955 வரை அசையாமல் நின்றது. அதனைக் காணும் பேறு ஹார்பிக்குக்கு வாய்க்கவில்லை. 1944இல் போர்முனையில் அவர் உயிரிழந்தார். அதே கெர்ஷ்லரின் பயிற்சியில் வளர்ந்த லக்சம்பர்க் நாட்டு ஜோசி பார்தெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கத்தை வென்றார்.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. ஓடும்போது நாடியை எண்ண முடியாது. நின்ற பின்னரே கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைக்க வேண்டும். நின்ற கணத்திலேயே இதயம் அடங்கத் தொடங்கிவிடும். ஆகவே பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குவர். அப்பத்து நொடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால், நிமிடக் கணக்கில் ஆறு துடிப்புப் பிழையாகும். மூச்சு வாங்கும் மாணவனை நிற்கவைத்து நாடி எண்ணிய ஆசிரியர்களுக்கு இவ்விடர் நன்கு தெரியும்.

இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் கருவி இல்லாமலில்லை. நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் அதனை உருவாக்கினார். நூர்மி பாரிசில் ஓடிய அதே 1924இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் தேவை. நோயாளி உப்புநீர்க் கலங்களில் கைகால்களை நனைத்து அமர்ந்திருக்க வேண்டும். 1940களின் இறுதியில் அமெரிக்கரான நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதனின் இதயத்துடிப்பை வானொலி அலையால் அனுப்பும் கருவியைச் செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை 38 கிலோகிராம். நம் மாணவர் பலருடைய உடல் எடையே அவ்வளவு இராது.

மீண்டும் பின்லாந்துக்கே வருவோம். அந்நாட்டின் வட பகுதியிலுள்ள ஔலு பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பேராசிரியராக இருந்தவர் செப்போ சாய்னயாகங்கஸ். 1970களின் நடுவில், பனிச்சறுக்குப் பாதையில் பயிற்றுநர் ஒருவருடன் நிகழ்ந்த உரையாடலில், சறுக்கும்போதே இதயத்துடிப்பை அறிய வழியில்லையா என்னும் வினா எழுந்தது. அதற்கு விடைகாண அவர் 1977இல் போலார் எலெக்ட்ரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல் வெளிவந்த அதன் கருவியில் மார்பைச் சுற்றி ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம். பட்டையிலுள்ள மின்முனைகள் இதயத்தின் மின்துடிப்பை உணரும். கம்பியின்றி அச்செய்தி மணிக்கட்டை அடையும். ஐந்தோவன் அறை நிறைய வைத்திருந்தது, கைக்கடிகார அளவுக்குள் அடங்கிற்று.

துடிப்பின் எண் கிடைத்துவிட்டது. அவ்வெண்ணுக்குப் பொருள் என்ன? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ‘220இலிருந்து வயதைக் கழி, அதுவே உன் இதயத்தின் உச்சத் துடிப்பு’ என்னும் வாய்பாடு இன்று உடற்பயிற்சி நூல்களிலெல்லாம் காணப்படுகிறது. 1971இல் பாக்ஸ் முதலான அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. அதனைக் காண்பதற்கென்று தனிச் சோதனை எதுவும் நடத்தப்படவில்லை. அதுவரை வெளிவந்த ஆய்வுகளின் புள்ளிகளைத் தொகுத்துக் கண்ட தோராயமே அது. ஒரே வயதினரிடையே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை கூடியும் குறைந்தும் இருத்தல் இயல்பு. பதினைந்து வயது மாணவனுக்கு வாய்பாடு 205 என்று கூறும். அவனுடைய உண்மை உச்சம் 193 ஆகவும் இருக்கலாம். 205ஐ நம்பி அவனை விரட்டும் ஆசிரியர், இல்லாத இதயம் ஒன்றை விரட்டுகிறார்.

இதனினும் நுட்பமான வழியைப் பின்லாந்து உடலியல் அறிஞர் மார்த்தி கார்வொனன் 1957இலேயே காட்டியிருந்தார். ஓய்வில் இருக்கும்போது துடிக்கும் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. உச்சம் 205 உடைய இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவனுக்கு ஓய்வுத் துடிப்பு 60, மற்றவனுக்கு 80. இடைப்பட்ட அளவில் 60 விழுக்காடு உழைக்கச் சொன்னால், முன்னவன் 147இலும் பின்னவன் 155இலும் ஓட வேண்டும். ஒரே வகுப்பு, ஒரே வயது, ஒரே திடல். ஆயினும் இருவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

நம் தட்பவெப்பத்தையும் மறத்தலாகாது. வெப்பத்திலும் புழுக்கத்திலும் உடலைக் குளிர்விக்கக் குருதி தோலை நோக்கிப் பாய்கிறது. வியர்வையால் நீரும் குறைகிறது. ஆகவே அதே வேகத்தில் ஓடினும் இதயம் மிகுதியாகத் துடிக்கும். பனிநாட்டில் பிறந்த கருவியை நண்பகல் மலேசியத் திடலில் கட்டிக்கொண்டு ஓடுவோர், அது காட்டும் எண்ணில் வெயிலுக்கும் ஒரு பங்குண்டு என்பதை அறிந்திருத்தல் நன்று.

இனித் தாற்றுக்கோலின் வரலாற்றுக்கு வருவோம். அது ஜப்பானில் தொடங்குகிறது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கினால் எழுந்த உடற்பயிற்சி ஆர்வத்தையொட்டி, யமாசா என்னும் கடிகார நிறுவனம் 1965இல் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பெயர் ‘மான்போ-கேய்’; பத்தாயிரம் அடிமானி என்பது பொருள். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் ஓதப்படும் மந்திரம் அவ்விற்பனைப் பெயரிலிருந்து பிறந்ததே. 2019இல் அமெரிக்காவில் மூத்த பெண்களை ஆராய்ந்த ஐ-மின் லீ குழுவினர், 4,400 அடி அளவிலேயே நன்மை தெளிவாகத் தெரிவதையும், ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் காணப்படாததையும் வெளியிட்டனர். நடப்பது நன்மையே, ஆனால் பத்தாயிரம் என்னும் எண் மருத்துவம் தந்ததன்று, வணிகம் தந்தது. நூர்மியின் கடிகாரம் ‘பொறு’ என்றது. கெர்ஷ்லரின் நாடி ‘நில்’ என்றது. இக்கருவியோ ‘இன்னும், இன்னும்’ என்கிறது.

இவ்விரு மரபும் மணிக்கட்டில் ஒன்றாகக் கலந்தது அண்மைக் காலத்தில்தான். துணைக்கோளத் திசைகாட்டிக் குறிப்புகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கியது. அதன்பின் 2003இல் கார்மின் நிறுவனம் ஓட்டக்காரர்க்குரிய துணைக்கோளக் கடிகாரத்தை வெளியிட்டது. 2009இல் ஃபிட்பிட் வந்தது. பின்னர்ப் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சிக் குருதி ஓட்டத்தைக் கணிக்கும் முறை வந்து, மார்புப் பட்டையையும் பலருக்குத் தேவையற்றதாக்கியது. அவ்வொளி மின்துடிப்பை அறிவதில்லை. பட்டை தளர்ந்திருந்தால், கை வீசும் தாளத்தையே இதயத் தாளமென எண்ணிவிடுவதும் உண்டு.

கருவியே இன்றி அளக்கும் வழியொன்றைச் சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் போர்க் கண்டார் என்பதையும் இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். ஓடுபவன் தன் உழைப்பு எவ்வளவு கடினம் என்பதை 6 முதல் 20 வரையிலான ஓர் எண்ணால் தானே கூற வேண்டும். ஏன் 6, ஏன் 20? அவ்வெண்ணைப் பத்தால் பெருக்கினால், உடல்நலம் உள்ள இளையோரின் நாடித்துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்பதற்காகவே அவ்வாறு வகுத்தார். சிறுவன் ‘13’ என்பான். நாடியை எண்ணினால் 130ஐ ஒட்டி வரும். வரவில்லையெனில், ஏன் வரவில்லை என்று அவனுடன் பேசலாம். பள்ளிக்குச் செலவில்லாத இம்முறையை உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரு தவணையேனும் செய்து பார்க்கலாம்.

கடிவாள மரபும் அழிந்துவிடவில்லை. நார்வே நாட்டு ஓட்டக்காரர்கள் பயிற்சியின் நடுவே விரல்நுனியிலோ காதுமடலிலோ ஒரு துளிக் குருதி எடுத்து, அதிலுள்ள லாக்டேட் அளவைப் பார்க்கின்றனர். அளவு வரம்பை மீறினால் வேகத்தைக் குறைத்துவிடுகின்றனர்; அதனால் மறுநாளும் அவர்களால் ஓட முடிகிறது. ஓட்டக்காரரும் மருத்துவருமான மாரியுஸ் பாக்கன் இதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர். அம்முறையில் பயின்ற யாக்கோப் இங்கெபிரிக்ட்சன், நூர்மி ஓடி நூறாண்டு நிறைந்த 2024இல், அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 13.66 நொடியில் வென்றார். 1,500 மீட்டரில் மட்டும் அவர் நான்காமவராகவே வந்தார். முதற்சுற்றை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடிவிட்டதாக ஓட்டம் முடிந்தபின் அவரே கூறினார்.