ஐந்தாம் நாட்கூலி

தோட்டத்துப் பெண்களின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் முதலில் செக்ரோலைப் புரட்டுதல் வேண்டும். அதனை எழுதிவந்த கிராணிமாரின் வழிவந்தவர் நாம். ஆதலின் இப்பழியில் நமக்கும் பங்குண்டு.

1920களின் இறுதியில், மலாயாவின் முக்கிய ரப்பர் வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்க்குச் சர்க்கார் வகுத்த நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு. பெண்டிர்க்கு 40 காசு. பெரட்டு ஒன்று, மரம் ஒன்று, கத்தி ஒன்று. கூலி மட்டும் இரண்டு! ஐந்து நாள் உழைத்தவள் ஆடவனின் நான்கு நாட்கூலியே பெற்றாள். ஐந்தாம் நாள் யாருக்கு?

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் கூலியுயர்வு மட்டுமா கேட்டனர்? துரைமாரும் தோட்டச் சிப்பந்திகளும் பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஒழிக என்றும் கேட்டனர். சிப்பந்திகள் என்றால் நம்மவரே!

அடுத்து வந்த யுத்தத்தில் ஆடவர் பலர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். குடும்பங்களைத் தாங்கியவர் அந்த 40 காசுப் பெண்களே. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போகவே வீடும் போயிற்று. காட்டைத் தோட்டமாக்கியவளுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை!

சகோதரர்களே! அவளுக்கு இரக்கம் வேண்டுவதில்லை. ஐந்தாம் நாட்கூலி இன்னும் பாக்கி நிற்கிறது.