வியன்னாவுக்கு எந்த மாதம் போவது?

ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏப்ரல், மே, செப்டெம்பர் நல்ல மாதங்கள் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். சரியான பதில்தான். ஜனவரியில் அங்கு வெப்பநிலை பூச்சியப் பாகையைச் சுற்றியே நிற்கும். 1529இல் இதே கேள்விதான் ஒரு பெரும் படையின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது.

"வியன்னாவின் வாசல் வரை போய்த் திரும்பினோம்" என்று பெருமூச்சு விடும் பதிவுகள் நம்மவர்களிடம் அடிக்கடி வலம் வருகின்றன. கூடவே சதி, துரோகம் என்று காரணமும் வரும். அந்தப் பக்கத்தில் கேட்டால் அது தெய்வ அற்புதம் என்பார்கள். இரண்டு பேருமே கலண்டரைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

உஸ்மானியப் படை நினைத்த நேரத்தில் புறப்படும் படையல்ல. குதிரைகள் மேய, வசந்தத்தில் புல் முளைக்க வேண்டும். சிப்பாஹி எனப்பட்ட குதிரை வீரர்கள் சுல்தான் ஒதுக்கிய நிலங்களின் வரியில் வாழ்ந்தவர்கள்; குளிருக்கு முன் ஊர் திரும்பி அதைச் சேகரிக்க வேண்டும். அதனால் மே தொடக்கத்தில் வரும் ஹிழ்ர் நாளிலிருந்து நவம்பர் தொடக்கத்தில் வரும் காசிம் நாள் வரைதான் போர்க்காலம் என்பது அவர்களது வழக்கம். இந்த ஆறு மாதத்துக்குள் போகவும் வேண்டும், போரிடவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்.

சுல்தான் சுலைமான் 1529 மே 10ஆம் திகதி இஸ்தான்பூலிலிருந்து புறப்பட்டார். வியன்னா நேர்கோட்டிலேயே 1,200 கிலோமீற்றருக்கு மேல். அந்த வருடம் பால்கன் பகுதியில் அடைமழை. ஆறுகள் பெருகிப் பாலங்களை அடித்துச் சென்றன. பாதைகள் சேறாகின. நனைந்து பழக்கமில்லாத ஒட்டகங்கள் செத்து விழுந்தன. மதிலை உடைக்கக் கொண்டுவந்த கனத்த பீரங்கிகளை வழியிலேயே விட்டுவர வேண்டியதாயிற்று. செப்டெம்பர் தொடக்கத்தில் ஹங்கேரியின் புடா நகரைப் பிடித்து, அவர் வியன்னாவை அடைந்தபோது செப்டெம்பர் முடியப் போகிறது. நாலரை மாதம் பாதையிலேயே போய்விட்டது!

வியன்னாவின் மதிலோ மிகப் பழையது. மூன்றாம் சிலுவைப் போரில் ஸலாஹுத்தீன் ஐயூபியோடு மோதிவிட்டுத் திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை ஒஸ்திரியக் கோமகன் வழியில் பிடித்து, அவரை விடுவிக்க வாங்கிய பணத்தில் கட்டிய மதில் அது. பெரிய பீரங்கிகள் இருந்திருந்தால் அது எத்தனை நாள் நின்றிருக்கும்? அவை இல்லாததால் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். உள்ளே இருந்த எழுபது வயதுத் தளபதி நிக்லாஸ் சால்மின் ஆட்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டிப் பலவற்றைச் செயலிழக்கச் செய்தார்கள். அவர்களுடைய உறுதியையும் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஒக்டோபர் 14இல் கடைசித் தாக்குதலும் தோற்றது. உணவும் குறைந்திருந்தது. கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. திரும்பும் பாதையில் பனி பெய்தது.

காலநிலையே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. 1683இல் காரா முஸ்தபா பாஷா முன்கூட்டியே புறப்பட்டு, ஜூலை 14இலேயே வியன்னாவை வளைத்தார். நல்ல கோடைகாலம், இரண்டு மாத அவகாசம். ஆனால் அதற்குள் பழைய மதில் போய் நவீன கொத்தளங்கள் எழுந்திருந்தன. செப்டெம்பர் 12இல் போலந்து மன்னர் சோபீஸ்கியின் தலைமையில் வந்த நேசப்படை குன்றிலிருந்து இறங்கியதும் எல்லாம் முடிந்தது. ஆகவே 1683க்குச் சொல்லும் காரணத்தை 1529க்கும் ஒட்டிவிடக்கூடாது. பிள்ளைகளும் பரீட்சையில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதிவிடுகிறார்கள்.

இப்போது போகிறவர்களுக்கு அந்த மதில் கிடைக்காது. 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதை இடிக்க உத்தரவிட்டார். அந்த இடத்தில் அமைந்த ரிங் வீதி 1865இல் திறக்கப்பட்டது. அதில் இன்று ட்ராம் ஓடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே கொத்தளத்தின் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. அதைப் பார்க்க மே மாதமே நல்லது: பிராட்டர் பூங்காவில் செஸ்நட் மரங்கள் பூக்கும் காலம். சுலைமானின் படை இஸ்தான்பூலிலிருந்து வெளிக்கிட்ட அதே மாதம்.