மதிப்பெண்ணின் பூர்வோத்தரம்

அமெரிக்கக் கலாசாலைகளுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர் பிள்ளைகள் சிலர் ‘எஸ்.ஏ.டி.’ பரீட்சை மதிப்பெண்ணையும் உடன் அனுப்புகின்றனர். அப்பரீட்சையின் வரலாற்றை நாம் அறிதல் நன்று.

1926ம் ஆண்டு ஜூன் 23ந் தேதி சுமார் 8,000 மாணாக்கர் அதனை முதன்முதல் எழுதினர். வகுத்தவர் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை ஆசிரியர் கார்ல் பிரிகாம். சேனை வீரருக்கு இட்ட பரீட்சைகளைக் கொண்டு, வட ஐரோப்பியரே பிறவியில் புத்திமான்களென 1923ல் நூலெழுதியவரும் அவரே! பிறப்பைக்கொண்டு புத்தியை அளக்கும் அவ்வாதம் நமக்கும் புதிதன்று. ஆனால் 1930ல், தம் முடிவு ஆதாரமற்றதென அவரே எழுதி வெளியிட்டார்; இந்நேர்மை பண்டிதரிடத்து அரிது.

நூல் வீழ்ந்தது, பரீட்சை நின்றது. 1934 முதல் ஹார்வர்டு, தூரப் பிரதேசத்து மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் வழங்க அதையே கைக்கொண்டது. 2020ல் கொள்ளைநோயை முன்னிட்டு மதிப்பெண் கேளாதுவிட்ட ஹார்வர்டு, அதனை மீண்டும் கேட்பதாக 2024ல் அறிவித்தது.