நகரத்தின் எளிய இன்பங்கள்

மாலை நேரத்தில் வீதி வழியே உலாவுதல், வழியில் ஒரு கடையில் அமர்ந்து காப்பி அருந்துதல், நூலகத்தில் அன்றைய நாளிதழைப் புரட்டுதல், கடற்கரையிலோ பூங்காவிலோ காற்று வாங்கியபடி பாட்டுக் கேட்டல்: நகர வாழ்க்கையின் இன்பங்கள் எவை என்று கேட்டால் பெரும்பாலோர் இவற்றைத்தான் கூறுவர். பெரும் பொருட்செலவு இல்லாதவை இவை. இத்தகைய சிறு செயல்களுக்கும் வரலாறு உண்டோ என்று மாணவ நண்பர்கள் வினவலாம். உண்டு. மன்னர்கள் முடிசூடிய ஆண்டுகளைப் போலவே, ஒரு மனிதன் தன் ஊர்த் தெருவில் தடையின்றி நடந்த ஆண்டும் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே.

நகரத்தை அதன் எளிய இன்பங்களால் அளந்து காட்டும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் மிக நீண்டதான மதுரைக்காஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்குடி மருதனார் பாடிய அப்பாட்டு 782 அடிகளைக் கொண்டது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த பாட்டுத்தான். எனினும், பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும், அங்கே விற்போரையும் வாங்குவோரையும், தின்பண்டங்களையும், தெருக்களின் ஆரவாரத்தையும் புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நகரம் என்பது மதிலும் அரண்மனையும் மட்டுமன்று. மக்கள் கூடிக் களிக்கும் இடம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நான் பிறந்த பண்பொழி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமலைக் குமாரசுவாமி கோயிலின் நிழலில் உள்ள சிற்றூர். எங்களுக்கு நகரம் என்றால் தென்காசி. உல்லாசம் என்றால் குற்றாலம். வரலாற்று ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய காலத்தில், வகுப்பில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்பேன். “உணவு விடுதியைப் பற்றியும் குளிக்கும் படித்துறையைப் பற்றியும் நம் நாட்டின் எந்தச் சட்டம் பேசுகிறது?” நகராட்சிச் சட்டம் என்பர் சிலர், சுகாதாரச் சட்டம் என்பர் வேறு சிலர். அது இந்திய அரசியலமைப்புச் சட்டம் என்று நான் கூறும்போது வகுப்பு முழுவதும் வியப்படையும். நாட்டின் தலையாய சட்டம் உணவு விடுதியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை எவ்வாறு நேர்ந்தது? அதைச் சிறிது பார்ப்போம்.

முதலில் தெருவை எடுத்துக்கொள்வோம். எங்களூருக்கு அண்மையில் உள்ள செங்கோட்டை, முன்பு திருவாங்கூரின் ஒரு பகுதியாக இருந்தது. அதே திருவாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலிய மக்கள் நடத்தல் ஆகாது என்ற தடை இருந்தது. அவர்கள் கேட்டது கோயிலுக்குள் நுழைவதைக்கூட அன்று. கோயிலுக்கு வெளியே உள்ள சாலையில் நடப்பதை மட்டுமே. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாக்கிரகம் 1925 நவம்பர் வரை நீடித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியார் ஈ. வெ. ராமசாமி அதில் இரு முறை சிறை புகுந்தார். இருபது மாதப் போராட்டத்துக்குப் பிறகும் கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. ஏனைய மூன்று தெருக்களே திறக்கப்பட்டன. நாம் மாலையில் எண்ணமின்றி நடக்கும் நடை, சிலருக்குச் சிறைவாசத்தை விலையாகக் கொடுத்துப் பெற வேண்டிய பொருளாக இருந்தது.

சென்னை மாகாணத்தின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. வைக்கத்தில் போராட்டம் நடந்த அதே 1924ஆம் ஆண்டில், இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசும் ஆணை பிறப்பித்தது. தெருவில் நடக்கலாம் என்று சொல்வதற்கு ஓர் அரசாணை வேண்டியிருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இனி அருவிக்கு வருவோம். ஆனியும் ஆடியும் வந்துவிட்டால், சாரல் நனைக்கும் குற்றாலத்தை நாடி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அருவியின்கீழ் நிற்கும்போது செல்வன், ஏழை என்ற வேறுபாடு தோன்றுவதில்லை. தலையில் விழும் நீர் ஒன்றே. ஆயின், தீண்டாமை ஒழிப்புக்கான சுற்றுப்பயணத்தில் 1934 ஜனவரியில் காந்தியடிகள் குற்றாலம் வந்தபோது நிலைமை வேறு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அவ்வருவியில் நீராட இடமில்லை என்று அறிந்ததும், அடிகளும் அதில் நீராடாமலே திரும்பினார். அவர் நீண்ட சொற்பொழிவு ஆற்றியிருந்தாலும் இத்தனை அழுத்தம் இருந்திராது. எல்லாருக்கும் கிடைக்காத இன்பம் தமக்கும் வேண்டா என்று ஒதுங்கியதே ஒரு பெரும் பாடம் ஆயிற்று.

அடுத்தது காப்பிக் கடை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு நகரங்களில் காப்பி கிளப்புகள் பெருகின. நண்பர்கள் கூடிப் பேசவும், செய்திகளை விவாதிக்கவும் அவை புதிய இடம் தந்தன. ஆனால் பல கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டோருக்கோ எந்த இடமும் இல்லை. எல்லாரும் ஒரே வண்டியில் ஏறிச் செல்லும் ரயிலில்கூட, நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் பிரித்து அமர்த்தும் வழக்கம் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தினர் பல ஆண்டுகள் எதிர்த்த பிறகு, 1941இல்தான் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை நீங்கியது. இடையே 1938இல், எம். சி. ராஜா கொண்டுவந்த மசோதா சட்டமாகி, பொது இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு இருந்த சமூகத் தடைகளை நீக்க முற்பட்டது.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு இந்தப் பின்னணியில்தான் விளங்கும். கடைகள், உணவு விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள் என்று அது பெயர் சொல்லி அடுக்குகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் இவற்றிலிருந்து விலக்குதல் ஆகாது என்கிறது. சமத்துவம் என்ற ஒரு சொல்லோடு அமையாமல், தெருவையும் துறையையும் தனித்தனியே எழுதினார்களே, அங்கேதான் அதனை இயற்றியவர்களின் அனுபவ அறிவு தெரிகிறது. மனிதனை அவமதித்தவை அந்த இடங்கள்தாம்; ஆதலின் மதிப்பையும் அந்த இடங்களிலேயே மீட்டுத் தர வேண்டியிருந்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதனை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் சட்டமும் வந்தது.

நகரம் தடைகளை மட்டும் தந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தடைகளைத் தளர்த்தும் இடங்களையும் அதுவே தோற்றுவித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் சென்னைக் கடற்கரையில் உலாவும் பாதையை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார். 1930இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆகவே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். எட்டணா இல்லாதவனும் மணலில் அமர்ந்து இசை கேட்டான். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அப்பணியை மேற்கொண்டது. பிற்காலத்தில் எங்களூர் போன்ற சிற்றூர்களுக்குப் பஞ்சாயத்து வானொலி வந்தது. சிறுவனாக அதனைச் சுற்றி அமர்ந்து கேட்டவர்களுள் நானும் ஒருவன். காற்றில் வரும் குரலைத் தனித்தனியே பங்கிட்டுக் கொடுக்க எவராலும் இயலவில்லை.

நூலகமும் அத்தகையதே. எஸ். ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் அது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வாங்கப்படுகிறது. அந்தப் பணத்தில் எவரும் வந்து படிக்கலாம். வரி செலுத்தியவனின் மகனும் வீடே இல்லாதவனின் மகனும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து ஒரே நாளிதழின் இரு தாள்களைப் பிரித்துக்கொண்டு படிப்பதைத் தென்காசியில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே, சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே இருப்பவர் நகர்ந்து இடம் கொடுத்தால்தான் வருபவர் அமர முடியும். தேநீர்க் கடைகள் சிலவற்றில் சாதிக்கு ஒரு குவளை வைத்திருந்த செய்தி, சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் நாளிதழ்களில் வந்தது. அந்தக் குவளைகளைக் கண்டும் காணாதவர்போல் தேநீர் அருந்தி எழுந்து போனவர்களுள் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பூங்கா, படித்துறை, நூலகம், உணவு விடுதி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது எந்த ஆண்டில் தோன்றியது, முதலில் யார் வரலாம் என்றிருந்தது, யார் வர இயலாதிருந்தது, அந்த நிலை எப்போது மாறியது என்று முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். பாடநூலில் இல்லாத வரலாறு அது. கேட்டு எழுத இன்னும் முதியோர் இருக்கிறார்கள், நெடுநாள் இருக்கமாட்டார்கள்.