உபதேசியாருக்குப் படியளந்தது யார்?

சபை ஊழியருக்குச் சபையே படியளக்க வேண்டுமா என்று கேட்டால் உடனே பவுலை இழுத்துவிடுகிறோம். அவர் கூடாரம் செய்து பிழைத்தவர். ஊழியத்தால் பிழைக்கும் உரிமையையும் எழுதி வைத்தவர். வசனத்தை வைத்து இது தீராது. தஞ்சாவூர்ச் சீமையில் வைத்துக் கேட்கணும்.

1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது டேனிஷ் அரசரின் செலவில். பிறகு ஹாலே, லண்டன் பணமும் வந்தது. உபதேசியார்களுக்கு மிஷன் சம்பளம். படியளக்காத சபைக்கு அதிகாரமும் இருக்காது என்றுதானே நினைப்போம்? 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார், வெள்ளாளர். அடுத்தவரைத் தேடியபோது தஞ்சைப் பகுதியில் உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பெயர் அடிபட்டது, பறையர். அவர் கையால் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகளே பின்வாங்கினார்கள். 1741இல் குருவானவர் தியோகு. காசு ஐரோப்பாவுடையது, தீர்ப்பு உள்ளூர்ச் சாதியுடையது.

சாதி வழக்கத்துக்காக வாதாடிய வேதநாயக சாஸ்திரியாரை 1829இல் மிஷன் வேலையை விட்டே நீக்கியது. 1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்றதும் வெள்ளாளர் பலர் வெளியேறினார்கள். பின்னால் லைப்சிக் லுத்தரன் மிஷன் அவர்களுக்குக் கதவு திறந்தது. காணிக்கை கொடுக்க வசதி உள்ளவன்தான் சபை மாறவும் முடியும்.

இந்தச் சூழலில்தான் சி.எம்.எஸ். செயலர் ஹென்றி வென் (1841–1872) வகுத்த 'தற்சார்புச் சபை' என்ற கொள்கையைப் பார்க்க வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் டெல்டாவில் நிலம் யாரிடம்? களத்தில் தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான் என்று அளந்து போடும் நெல்லுக்குப் பெயரே 'சுதந்திரம்' (வேடிக்கையான சொல்தான்!). போதகரும் அந்த வரிசையில் நின்றால், மரக்கால் பிடித்த கையைப் பார்த்துத்தான் பிரசங்கம் பண்ணணும். நெற்கூலிக்கு உழைத்த பண்ணையாளிடமோ பிடியரிசி தவிர என்ன இருந்தது? உலை வைக்கும் முன் பெண்கள் எடுத்து வைத்த அந்த ஒரு பிடியைத்தான் நான் உண்மையான ஆதரவு என்பேன்.

எனவே சபை கொடுக்கட்டும், ஆனால் நேராகப் போதகர் கையில் வேண்டாம். எல்லாச் சபைப் பணமும் மண்டலத்தின் பொதுநிதியில் கலந்து சம்பளமாக வருவதே மேல். அதுவும் பாதி வழிதான். 1741இல் சம்பளம் வெளியிலிருந்துதான் வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை அதிக விலைக்கு எடுப்பவர் பெயர் மைக்கில் வருது. பிடியரிசி போட்டவளுக்குச் சேகரக் கமிட்டியில் நாற்காலி உண்டா என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சம்பள விவகாரத்தைப் பேச வேண்டும்.