கேட்போர் கணக்கு: ஆற்றுப்படை முதல் அலைபேசி வரை

பாடிப் பிழைப்போர்க்குத் தம் பாட்டை விரும்பிக் கேட்போர் எவ்வூரில் உள்ளனர் என அறிவது வாழ்வுச் சிக்கலாகும். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கு ஆற்றுப்படைகளும் இச்சிக்கலிலிருந்தே பொருள் கொள்கின்றன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் மற்றொருவனுக்குப் புரவலன் ஊரையும், செல்லும் வழியையும், இடையே கிடைக்கும் உணவையும் எடுத்துரைக்கிறான். புலவர் அதனைக் கவிநயம் கருதிப் போற்றுவர். பசித்த பாணனுக்கு அது முதற்கண் தகவலேயாம். திரைப்படத்தையும் பெருநிறுவனத்தையும் சாராது பாடும் இன்றைய இளைஞர், ஸ்ட்ரீமிங் தளங்கள் தரும் தரவுகளில் தேடுவதும் அத்தகவலையே. அக்கணக்கு இடைக்காலத்தில் யார் யார் கைக்கு மாறிற்று என்பதற்குக் கரிசல் மண்ணிலேயே சான்று உண்டு.

1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். அவர் பிறந்தபோது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவர் புகழ்பெற்ற மேடை, 'ஸ்பெஷல் நாடகம்' என வழங்குவது. இம்முறையில் நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோரூரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோரூரிலிருந்தும் வந்து மேடையில்தான் கூடுவர். ஒத்திகை கிடையாது, சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எல்லார்க்கும் மனப்பாடமாதலின் விடியும்வரை ஆட்டம் நடக்கும். ஊதியம் அந்த ஓர் இரவுக்கே. 'சுயாதீனக் கலைஞர்' என்னும் புதுப்பெயர் பெற்றோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இவர்கள் கேட்போரை எவ்வாறு அளந்தனர்? கொட்டகை வசூல் ஓர் அளவு. கூட்டத்திலிருந்து எழும் 'ஒன்ஸ்மோர்' குரல் அதனினும் நுட்பமான அளவு. எந்தப் பாட்டு, எந்த அடி பிடித்தது என்பதை அது அக்கணமே உணர்த்திவிடும். விழாக் கமிட்டி மறுமுறை அழைப்பது மூன்றாவது. இம்மூன்றும் நடிகர் கண்முன் நிகழ்ந்தன. விசுவநாததாஸ் மருத்துவர் குலத்தில் பிறந்தவர்; அதன்பொருட்டு அவருடன் நடிக்க மறுத்தோரும் உண்டு. எனினும் மறுத்தோரின் மறுப்பைக் கூட்டம் பொருட்படுத்தவில்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்களை அவர் புராண நாடகத்தினூடே பாடினார், மக்கள் திரண்டனர்.

திரண்டோரை அரசும் கண்காணித்தது. நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரம் அளிக்கும் சட்டம் 1876இலேயே வந்திருந்தது. கேட்போர் மிகுதி பாடுவோர்க்கு வருவாய் எனின், ஆள்வோர்க்கு அதுவே அச்சத்தின் அளவாயிற்று. விசுவநாததாஸ் பலமுறை கைதானார், சிறை சென்றார். 1940 டிசம்பர் 31இல் சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகனாக மேடையில் இருந்தவாறே அவர் உயிர் நீத்தார்.

பின்னர் வந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். இசைத்தட்டு வந்தபின் விற்பனைக் கணக்கு கம்பெனியின் ஏட்டுக்குச் சென்றது. கேட்போர் முகம் பாடுவோர்க்கு மறைந்தது. வானொலி நேயர்கள் அஞ்சலட்டையில் தம் ஊரையும் விரும்பிய பாட்டையும் எழுதினர். அக்கணக்கும் பெரும்பாலும் திரைப்பாடலுக்கே துணைநின்றது. ஒலிநாடாக் காலத்தில் ஒரு நாடா பல நாடாவாகப் படியெடுக்கப்பட்டமையால் எந்தக் கணக்கும் எஞ்சவில்லை.

ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தது. இத்தகைய தளங்களில், பாடுவோர் தம் பாட்டு எவ்வூரில், எத்தனை பேரால், எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதைத் தாமே காண இயலும். ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி கேட்டால் ஒரு கணக்கு. பாட்டைத் தம் சேமிப்பில் வைத்துக்கொண்டோர் எண்ணிக்கையும் தெரியும். இவற்றைப் படிப்பதில்தான் திறன் உள்ளது. ஒரு பாட்டு பத்தாயிரம் முறை ஒலித்ததெனக் கொள்வோம். ஒன்பதாயிரம் பேர் ஏறத்தாழ ஒருமுறை கேட்டிருப்பின் அது வழிப்போக்கர் கூட்டம். ஆயிரம் பேர் பத்துமுறை கேட்டிருப்பின் அது 'ஒன்ஸ்மோர்'. பின்னையோர் எவ்வூரினர் என்று கண்டு அங்கே நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்வதே தரவின் நற்பயன். சிவகாசிக் கலைஞர் ஒருவருக்குக் கேட்போர் விருதுநகரினும் திருப்பூரில் மிகுந்திருப்பதை இப்பட்டியல் காட்டக்கூடும். பிழைப்புத் தேடிச் சென்றோர் பாட்டையும் உடன் கொண்டுசெல்வர் அன்றோ?

ஆயினும் இத்தரவு காணாத கேட்போர் பலர். பட்டாசு ஆலை வேலைத்தளத்தில் அலைபேசிக்கு இடமில்லை. மாலையில் தொழிலாளர் திரும்பும் பேருந்தில் ஓட்டுநரின் அலைபேசியில் ஒரு பாட்டு ஒலித்தால், நாற்பது பேர் கேட்டாலும் கணக்கில் ஒருவரே. இருக்கன்குடி ஆடி வெள்ளியில் ஒலிபெருக்கி முன் நிற்கும் பெருங்கூட்டத்தின் நிலையும் இதுவே. பங்குனிப் பொங்கலுக்குப் பாடச் செல்வோர் திரையில் தோன்றும் எண்ணை மட்டும் நம்பினால் தம் சொந்த ஊரையே இழக்க நேரும்.

எண் பெரிதாயினும் பணம் பாடுவோரைச் சேரும் என்பதில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பல கோடி முறை கேட்கப்பட்டது. தமக்கோ, அறிவுக்கோ, தீக்கோ அப்பாடலிலிருந்து வருவாய் கிட்டவில்லை என இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். தளம் பணம் தருவது பதிவின் உரிமை எவரிடம் உள்ளதோ அவர்க்கே. ஆதலின் தரவை ஆராயுமுன் ஒப்பந்தத்தை ஆராய்தல் வேண்டும்.

சிறு எண்ணுக்கு வேறொரு தடை வந்துள்ளது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறை கேட்கப்படாத பதிவுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பதிவுரிமைத் தொகை கணக்கிடுவதில்லை. வெடிவிபத்தில் இறந்தோர்க்கு ஓர் ஊர்ப் பெண்கள் பாடும் ஒப்பாரி பதிவாகி, எண்ணூறு முறை கேட்கப்பட்டதெனக் கொள்வோம். அவ்வெண்ணூறும் திரையில் தெரியும். தொகைப் பட்டியலில் இராது.